"தண்ணிக்குக் கிட்டப் போகாதே" என்று சொன்னால் போதுமா?

2016ஆம் ஆண்டு சித்திரை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதற் கிழமை. மகனின் புத்தகப் பையைத் துப்புரவாக்கும்போது, சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் நான்காக மடித்த கடிதம் ஒன்று அகப்பட்டது. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தவணையில் பத்துக் கிழமை நீச்சல் வகுப்பு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார்கள். நீச்சல் உடுப்பும் துவாயும் கொடுத்துவிட வேண்டும். பஸ் செலவுக்கு விரும்பியவர்கள் பங்களிக்கலாம்.

அன்றிரவே பதில் எழுதினேன். மகனுக்குக் காதில் அடிக்கடி வருத்தம் வரும், தண்ணி படக்கூடாது, ஆகவே நீச்சலுக்கு அனுப்ப முடியாது என்று. அது பொய். அவனுக்குக் காதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

எனக்கென்று சில நியாயங்கள் இருந்தன. பத்துச் செவ்வாய்க்கிழமை என்றால் பத்து நாள் காலைக் கணக்குப் பாடம் போய்விடும். கிராமர் பாடசாலைச் சோதனைக்கு ஒன்றரை வருடம்கூட இல்லை. ரியூசன் ஆசிரியர் வேறு, "கணக்கிலை கொஞ்சம் பின்னுக்கு நிக்கிறார்" என்று சொல்லியிருந்தார். இவை எல்லாவற்றுக்கும் அடியில், வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. பயம். முப்பது பிள்ளைகளை ஒரே தடாகத்தில் இறக்கினால் என் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? ஊரிலிருந்து அம்மாவும் தொலைபேசியில், "சின்னப் பெடியன், தண்ணியிலை விடாதை தம்பி" என்றார்.

அந்தப் பத்துக் கிழமையும் வகுப்பு முழுவதும் பஸ் ஏறிப் போக, என் மகன் பாடசாலை நூலகத்தில் இருந்து கணக்குச் செய்தான். ஏதோ கெட்டித்தனம் செய்துவிட்டது போன்ற திருப்தி எனக்கு.

கேம்பர் சாண்ட்ஸ்

அதே ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி, புதன்கிழமை. அந்தக் கோடையின் மிகவும் சூடான நாட்களில் ஒன்று. தென்கிழக்கு லண்டனிலிருந்து கிழக்கு சசெக்ஸில் உள்ள கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குப் போன ஐந்து தமிழ் இளைஞர்கள் கடலில் பலியானார்கள். மூத்தவருக்கு 27 வயது. இளையவருக்கு 18.

அன்றிரவு எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. பிரித்தானியாவில் உள்ள எங்கள் சனத்துக்குள் யாரும் யாருக்கும் அவ்வளவு தூரமில்லை. இரண்டு அழைப்புக்குள் ஏதோவோர் உறவு, ஏதோவோர் ஊர், ஏதோவொரு பழைய வகுப்புத் தோழன் வந்துவிடுவான். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீடுகளின் துயரத்தை மறுபடியும் கிளறுவது என் நோக்கமல்ல.

ஆனால் அந்தக் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேம்பர் சாண்ட்ஸ் பார்வைக்கு மிகவும் சாதுவான கடற்கரை. அகன்று தட்டையாகக் கிடக்கும் மணல். வற்றுக்காலத்தில் கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும். பெருக்கு ஏறத் தொடங்கினால் வேகமாகத் திரும்பி வரும். நடுவே மணல் திட்டுகளும் அவற்றுக்குப் பின்னால் பள்ளங்களும் உண்டு. திட்டில் நின்று விளையாடும் ஒருவருக்கு முன்னால் உள்ள கடல்தான் தெரியும். பின்னால் உள்ள பள்ளத்தில் தண்ணி நிறைந்து, கரைக்கு வரும் வழி அடைபட்டது பிறகுதான் தெரியும். அன்று அந்தக் கரையில் உயிர்காப்பாளர்கள் எவரும் பணியில் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கோடைகாலத்தில் அங்கே உயிர்காப்பாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். 2017இல் நடந்த மரண விசாரணை, ஐந்தும் எதிர்பாராமல் நேர்ந்த விபத்து மரணங்கள் என்று முடிவு சொன்னது.

"பெடியளுக்கு நீந்தத் தெரியுமோ?" என்றுதான் அந்த நாட்களில் எல்லோரும் கேட்டார்கள். இன்று யோசிக்கும்போது, நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. பெருக்கு என்றால் என்ன, எந்தக் கரையில் இறங்கலாம், தண்ணிக்குள் மாட்டினால் முதல் ஒரு நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? எனக்கே அவை தெரியாது.

நாங்கள் செய்தது வேறு. எங்கள் வட்டாரத் தமிழ்ப் பள்ளி ஒவ்வொரு கோடைக்கும் கடற்கரைச் சுற்றுலா ஒன்று போகும். அதை நிறுத்துவது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. நானும் அந்தக் குழுவில் இருந்தேன். நானும் கை உயர்த்தினேன். "இனி ஒருத்தரும் தண்ணிப் பக்கம் போகவேண்டாம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். மண்டபத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

பயத்தின் வேர்

இந்தப் பயம் எங்களுக்கு இங்கே வந்து பிடித்ததல்ல. அது ஊரிலிருந்தே கூட வந்தது.

எனக்கு நீந்தத் தெரியும். யாழ்ப்பாணத்தில் தோட்டக் கிணற்றில் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கி, மாமாதான் பழக்கினார். பிறகு கீரிமலைக் கேணியில் குதித்துக் குதித்துத் தேறினேன். ஆனால் என் தங்கச்சிக்கு யாரும் கயிறு கட்டவில்லை. என் மனைவி பிறந்த வீடு கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம். கணுக்காலுக்கு மேலே கடல் பட்டதில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்பதுதான் அந்த நாள் கேள்வி.

பிறகு யுத்தம். கடலோரக் கிராமங்கள் பல உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. மீன்பிடிக்கே நேரக் கட்டுப்பாடு. கடல் என்றால் கடற்படைப் படகுகள், எறிகணைச் சத்தம், இரவில் களவாகப் பயணம் போகிறவர்கள். அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் கரையோரத்தில் பிறந்தும் கடலைப் பழகவில்லை. 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமி. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உறவுகளைக் கொடுத்தவர்கள் இன்று லண்டனிலும் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "ஏன் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

அந்தப் பயத்தை நான் குறைவாகப் பேசவில்லை. ஆனால் அதை அப்படியே பிள்ளைகளிடம் கையளித்தால் என்ன நடக்கும்? எட்டு வயதுப் பிள்ளையை நாங்கள் தடுக்கலாம். பதினெட்டு வயதுப் பிள்ளை எங்களைக் கேட்டுக்கொண்டா போகப்போகிறது? சோதனை முடிந்த அன்றைக்கு நண்பர்களோடு காரில் ஏறிவிடும். அப்போது அதனிடம் இருப்பது எங்கள் "போகாதே" மட்டும். போய்விட்ட பிறகு அந்தச் சொல்லால் ஒரு பிரயோசனமும் இல்லை.

எனக்குக் கிடைத்த பாடம்

2018 மே மாதப் பாடசாலை விடுமுறை. இரண்டு வருடம் கடற்கரைப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, பிள்ளைகளின் ஆக்கினை தாங்காமல் தென்கரையில் ஒரு கடற்கரைக்குப் போனோம். வெயில் என்றால் ஊர் வெயில். எனக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. "அப்பா நீந்துறதைப் பாருங்கோ" என்று மனைவி பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் நெஞ்சளவு தண்ணியில் முகங்குப்புற விழுந்தேன்.

மூச்சு நின்றது. நின்றது என்பதைவிட, அது என் சொல் கேட்காமல் போனது என்பதுதான் சரி. வாய் தானாகத் திறந்து காற்றை இழுத்தது. காற்றோடு உப்புத் தண்ணியும் உள்ளே போனது. நெஞ்சுக்குள் யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி. கையைக் காலை அடித்தேன். கால் நிலத்தில் முட்டும் ஆழம்தான். ஆனால் அந்த நேரம் காலை ஊன்றலாம் என்ற யோசனையே வரவில்லை. கிணற்றிலும் கேணியிலும் படித்த நீச்சல் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை.

ஒரு நிமிடம் இருக்கும். அலை ஒன்று தள்ளிவிட, கால் மணலில் பட்டது. இருமியபடி நிமிர்ந்து பார்த்தேன். கரையில் என் மகன் சப்பாத்தோடு தண்ணிக்குள் இறங்கி என்னை நோக்கி ஓடி வரப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி அவனுடைய சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபடி கத்திக்கொண்டிருந்தா. நீந்தத் தெரியாத பிள்ளை, என்னைக் காப்பாற்ற வருகிறான். அவனுக்கு நீந்தத் தெரியாமல் செய்தவன் நான்.

வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் ஒருவரும் அதிகம் பேசவில்லை. பின்னாலிருந்து மகன்தான் கேட்டான். "அப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியும் எண்டுதானே சொன்னீங்கள்?"

"தெரியும்தான்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டான். "நான் ஏன் ஸ்கூலிலை ஸ்விம்மிங்குக்குப் போகேல்லை? எனக்குக் காதிலை ஒண்டும் இல்லையே."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

குளிர் என்ன செய்கிறது?

அந்த இரவு உட்கார்ந்து தேடி வாசித்தபோதுதான் எனக்கு நடந்ததற்குப் பெயர் இருக்கிறது என்று தெரிந்தது. குளிர்நீர் அதிர்ச்சி. 15 பாகை செல்சியசுக்குக் குறைவான தண்ணிக்குள் உடம்பு திடீரென்று போனால், தோல் குளிர்ந்தவுடன் மூச்சு தன்பாட்டில் வேகமாக இழுபடும், இதயத் துடிப்பு ஏறும், இரத்த அழுத்தம் கூடும். அந்த முதல் இழுப்பின்போது வாய் தண்ணிக்குள் இருந்தால் தண்ணிதான் உள்ளே போகும். பிரித்தானியாவைச் சூழ்ந்த கடலின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 12 பாகை அளவில்தான். மே மாதத்தில் வெளியே 26 பாகை வெயில் அடித்தாலும் கடல் அதில் பாதி. நிலம் ஒரு நாளில் சூடேறும்; கடல் சூடேற மாதங்கள் எடுக்கும். எங்கள் ஊரில் வெயிலுக்கும் தண்ணிக்கும் இவ்வளவு பகை கிடையாது. அதனால்தான் நாங்கள் ஏமாறுகிறோம்.

இந்த அதிர்ச்சியின் கடுமை ஒன்றரை நிமிடத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை நீந்த முயலக்கூடாது, மிதக்க வேண்டும். ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு நிறுவனம் பல வருடமாகச் சொல்லிவரும் முறை இது: தலையைப் பின்னுக்குச் சாயுங்கள், காதுகள் தண்ணிக்குள் இருக்கட்டும், வாயும் மூக்கும் மேலே இருக்கட்டும், கைகளை மெல்ல அசையுங்கள், கால் கீழே போனால் போகட்டும். மூச்சுச் சீரான பிறகு கையை உயர்த்திக் கூப்பிடுங்கள், அல்லது கரைக்கு நீந்துங்கள். அவ்வளவுதான். கேட்க மிகவும் எளிது. ஆனால் மனித உடம்பு பயத்தில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். அதனால் முன்பே, வெதுவெதுப்பான தண்ணியில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, பத்துத் தரம் செய்து பழகியிருக்க வேண்டும். நான் என் மகனுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது இதைத்தான்.

ஆழிக்குமரன் ஆனந்தனை எங்கள் தலைமுறைக்குத் தெரியும். வல்வெட்டித்துறை தந்த பெரும் நீச்சல் வீரர். 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்தவர். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அந்தக் கடலிலேயே உயிர் நீத்தார். கேம்பர் சாண்ட்ஸ் கரையைத் தொடுவதும் அதே கால்வாய்தான். அவருடைய துணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இன்னொன்றும் நினைவுக்கு வரும். ஊர்க் கடலில் பெற்ற அனுபவத்தோடு மட்டும் இந்தக் கடலில் இறங்க நான் யார்?

பாடசாலை தருவது எவ்வளவு?

இங்கிலாந்தின் தேசிய பாடத்திட்டத்தில் நீச்சல் ஒரு பகுதி. கவுன்சில் பாடசாலைகளுக்கு அது கட்டாயம். அக்கடமிகளில் பெரும்பாலானவையும் பின்பற்றுகின்றன. ஆறாம் ஆண்டு முடிவதற்குள் பிள்ளை மூன்று விடயங்களைச் செய்ய வேண்டும். குறைந்தது 25 மீற்றர் திறமையாக நீந்துதல். பலவகை நீச்சல் முறைகளைப் பயன்படுத்துதல். வெவ்வேறு நீர்ச்சூழல்களில் தன்னைத்தானே பாதுகாப்பாகக் காப்பாற்றிக்கொள்ளுதல்.

மூன்றாவதைப் பற்றித்தான் எந்தப் பெற்றோரும் கேட்பதில்லை. "உங்கடை மகன் எத்தினை மீற்றர்?" என்று விசாரிப்போம். "மூன்று நிமிடம் மிதப்பானா?" என்று விசாரிக்க மாட்டோம்.

பாடசாலைகளிலும் குறை இருக்கிறது. பத்துக் கிழமை, கிழமைக்கு அரை மணித்தியாலம் என்றால் மொத்தம் ஐந்து மணித்தியாலம். அதற்கு முன் தண்ணியில் காலே வைக்காத பிள்ளை ஐந்து மணித்தியாலத்தில் 25 மீற்றர் போகாது. தடாக விளிம்பைப் பிடித்துக் கால் அடிப்பதோடு அதன் தவணை முடிந்துவிடும். மூன்று வயதிலிருந்து காசு கட்டிப் பழகிய பிள்ளைகள்தான் அந்த இலக்கைச் சுலபமாகத் தொடுகிறார்கள். ஸ்போர்ட் இங்கிலாந்தின் அண்மைக்கால ஆய்வுகளின்படி, ஏழாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு 25 மீற்றர் நீந்தத் தெரியாது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடையே இது இன்னும் அதிகம். ஆரம்பப் பாடசாலையை விட்டால், அதற்குப் பிறகு பாடத்திட்டத்தில் கட்டாய நீச்சல் கிடையாது. அந்தக் கதவு பதினொரு வயதோடு சாத்தப்படுகிறது.

மற்ற நாடுகளில் உள்ள வாசகர்களுக்கும் இது பொருந்தும். ஜேர்மனியில் "கடற்குதிரை" பட்டையைப் பிள்ளையின் உடுப்பில் தைத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அங்குள்ள உயிர்காப்புச் சங்கமோ, அதற்கு அடுத்த வெண்கலச் சான்றிதழ் எடுத்த பிள்ளையைத்தான் பாதுகாப்பாக நீந்தத் தெரிந்த பிள்ளையாகக் கருதுகிறது. நெதர்லாந்தில் முதல் சான்றிதழுக்கே பிள்ளை உடுப்போடு நீந்திக் காட்ட வேண்டும். ஏனென்றால் தற்செயலாக விழுகிறவர் நீச்சல் உடையில் விழமாட்டார். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் அளவுகோல் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆழமான தண்ணிக்குள் உருண்டு விழு, ஒரு நிமிடம் ஒரே இடத்தில் தாக்குப்பிடி, 50 மீற்றர் நீந்து. இந்த மூன்றையும் செய்யக்கூடிய பிள்ளைக்கு, தவறி விழுந்தாலும் கரை சேர வாய்ப்பு உண்டு. உங்கள் பிள்ளையின் சான்றிதழில் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்காமல், இந்த மூன்றையும் செய்வாளா, செய்வானா என்று கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, நான் செய்த பிழையைச் செய்யாதீர்கள். பாடசாலை நீச்சலுக்கு அனுப்புங்கள். பஸ் காசு கேட்டு வரும் கடிதத்தைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பாடசாலை நேரத்தில் நடக்கும் பாடத்திட்ட நீச்சலுக்குக் கட்டணம் கட்டாயமில்லை. நீங்கள் கொடுப்பது விரும்பிக் கொடுக்கும் பங்களிப்பு. முடியாவிட்டால் அலுவலகத்தில் சொல்லுங்கள்; பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது.

இரண்டாவது, கேளுங்கள். அரசின் விளையாட்டு நிதி பெறும் ஆரம்பப் பாடசாலைகள், ஆறாம் ஆண்டில் எத்தனை விழுக்காட்டுப் பிள்ளைகள் நீச்சல் இலக்கை எட்டினார்கள் என்பதைத் தங்கள் இணையத்தளத்தில் போட வேண்டும். கணிதப் பெறுபேற்றைத் தேடிப் பார்க்கிற நாங்கள் இதையும் பார்க்கலாம். குறைவாக இருந்தால் தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். அந்த நிதியிலிருந்து மேலதிக வகுப்பு வைக்க இடமுண்டு. பெற்றோர் கேட்காத ஒன்றுக்கு எந்தப் பாடசாலையும் முந்திக்கொண்டு ஓடிவராது.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். உடுப்புதான் தடை என்றால், கையும் காலும் மூடிய நீச்சல் உடைகள் கடைகளில் இருக்கின்றன; பெரும்பாலான தடாகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. பாடசாலையோடு ஒரு சொல் கதைத்தால் போதும். என் மகளுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். இதில் இன்னொரு நன்மையும் நடந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருந்து பார்த்த என் மனைவி, ஒரு நாள் பெண்களுக்கு மட்டுமான வகுப்பில் தன் பெயரையும் பதிந்துகொண்டு வந்தா. அப்போது அவவுக்கு 41 வயது. முதல் நாள் அரை மணித்தியாலமும் விளிம்புக் கம்பியை விடவில்லையாம். நாலாம் மாதம் மல்லாந்து மிதந்தா. அன்று வீட்டுக்கு வந்து, "இஞ்சருங்கோ, காதுக்குள்ளை ஒரு சத்தமும் கேக்கேல்லை, அவ்வளவு அமைதி" என்று சொன்ன முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நான்காவது, வீட்டில் சொல்லிக் கொடுக்க வேண்டியவை. கடற்கரையில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும். அங்கேதான் உயிர்காப்பாளர்களின் கண் இருக்கும். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. போவதற்கு முன் பெருக்கு எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும். நீரோட்டம் வெளியே இழுத்தால் அதற்கு எதிராகப் போராடாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி விலக வேண்டும். ஒருவர் தண்ணிக்குள் தத்தளித்தால் பின்னால் பாயக்கூடாது. மிதக்கச் சொல்லிக் கத்துங்கள், மிதக்கிற எதையாவது எறியுங்கள், 999ஐ அழையுங்கள். கடலோரம் என்றால் "கோஸ்ட்கார்ட்" என்று கேட்க வேண்டும். ஆறு, ஏரி, கால்வாய் என்றால் தீயணைப்புப் பிரிவைக் கேட்க வேண்டும். பிரித்தானியாவில் தண்ணியில் நேரும் விபத்து மரணங்களில் பாதிக்கும் மேல் ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில்தான். பலியாகிறவர்களில் கணிசமானோர் குளிக்க இறங்கியவர்களே அல்ல; நடக்கும்போதோ ஓடும்போதோ தவறி விழுந்தவர்கள். ஆகவே "நாங்கள் கடலுக்குப் போறதில்லை" என்பது ஒரு பாதுகாப்பும் இல்லை.

ஐந்தாவது, எங்கள் அமைப்புகள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, ஊர்ச் சங்கம், கோவில், பழைய மாணவர் சங்கம் என்று ஒவ்வொரு நகரத்திலும் எங்களுக்கு எத்தனை கூட்டு இருக்கிறது. விளையாட்டு விழாவுக்கு மண்டபமும் மைதானமும் எடுக்கிற எங்களால், வருடத்தில் ஒருதரம் கவுன்சில் தடாகத்தை ஒரு மணித்தியாலம் வாடகைக்கு எடுக்க முடியாதா? உயிர்காப்பு அமைப்பு ஒன்றின் ஆளை அழைத்து, பெற்றோருக்கும் சேர்த்து அரை மணித்தியாலம் பேச வைக்க முடியாதா? பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் விளங்கும். அப்பம்மா, அம்மம்மாவுக்கு யார் தமிழில் சொல்வது? கடற்கரையில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்பது பல வீடுகளில் அவர்கள்தான்.

எங்கள் தமிழ்ப் பள்ளிக் குழுவில் 2018 புரட்டாதியில் இதைப் பேசினேன். இரண்டு வருடத்துக்கு முன் சுற்றுலாவை நிறுத்தக் கை உயர்த்தியவன் நான் என்பதையும், காதில் வருத்தம் என்று எழுதிய கடிதத்தையும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. கூட்டம் முடிந்து வெளியே வர, கார் தரிப்பிடத்தில் மூன்று தகப்பன்மார் தனித்தனியாக வந்து, தாங்களும் அப்படிக் கடிதம் எழுதியவர்கள் என்றார்கள். ஒருவர் ஆஸ்துமா என்று எழுதியிருந்தார். ஒருவர் மகளுக்குத் தோல் வருத்தம் என்று. எங்கள் பாடசாலைகளின் கோப்புகளில் வருத்தமில்லாத எத்தனை பிள்ளைகளுக்கு நாங்கள் வருத்தம் எழுதி வைத்திருக்கிறோமோ தெரியாது. அடுத்த கோடையில் சுற்றுலா மறுபடியும் போனது, உயிர்காப்பாளர் உள்ள கரைக்கு, பெருக்கு நேரம் பார்த்து.

மகன் பதினொரு வயதில் தொடங்கினான். தன்னைவிட நாலைந்து வயது குறைந்த பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்பது அவனுக்குப் பெரிய வெட்கம். முதல் மாதம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் சண்டை. என்னாலும் கடுமையாகப் பேச முடியவில்லை. அந்த வரிசையில் அவனை நிறுத்தியது நான்தானே. ஒன்றரை வருடத்தில் நன்றாகத் தேறிவிட்டான். கிராமர் பாடசாலை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்துச் செவ்வாய்க்கிழமைகள் அதற்கும் உதவவில்லை.

இந்த வருடம் ஏ லெவல் சோதனை முடித்துவிட்டான். போன கிழமை வந்து, நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து கடற்கரைக்குப் போகப்போகிறோம் என்றான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. கேம்பர் சாண்ட்ஸில் போன இளையவருக்கும் இதே வயது. "போகவேண்டாம்" என்ற சொல் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"எந்தக் கரை? லைவ்கார்ட் நிக்கிறாங்களோ?"

"ஓம் அப்பா, பாத்திட்டன்."

"பெருக்கு எத்தினை மணிக்கு?"

"ரெண்டரைக்குப் பிறகு. அதுக்கு முதல் கரைக்கு வந்திடுவம்."

"உன்ரை கூட்டாளிமார் எல்லாருக்கும் நீந்தத் தெரியுமோ?"

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு பேருக்குத் தெரியாது. அவங்களை முழங்காலுக்கு மேலை இறங்க விடமாட்டன். எப்பிடி மிதக்கிறது எண்டு ஞாயிற்றுக்கிழமை பூலிலை காட்டிக் குடுக்கப்போறன்."

அந்த இரண்டு பேரும் தமிழ்ப் பெடியன்கள்தான். அவர்களுடைய பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்களும் ஒருகாலத்தில் ஏதோவொரு கடிதம் எழுதியிருப்பார்கள்.